பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு: கேட்கத் தெரிந்த தானியேல்

வேத வாசிப்பு: தானியேல் 1:1-20



பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் சபையில் ஒரே சந்தோஷமாயிருக்கும். பாஸ் பண்ணின பிள்ளைகளை முன்னே கூப்பிட்டு ஜெபிக்கிறோம். தகப்பன்மார் ஸ்தோத்திர காணிக்கை போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆடி மாசம் பெட்டி தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன அதே பிள்ளை, ஐப்பசியில் அதே பெட்டியோடு திரும்பி வந்தால் யாரும் முன்னே கூப்பிடுவதில்லை. அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியும் முன்னே எழுந்து போய்விடுகிறான்.

போன வருஷம் அப்படி ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தான். "பாஸ்டர், நான் இனிமே காலேஜ் போகல" என்றான். ஏன் என்று கேட்டேன். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்றான், தலைவலி என்றான். டீ குடித்து முடித்த பிறகுதான் உண்மை வந்தது. "கிளாஸ்ல என்ன சொல்றாங்கன்னே புரியல பாஸ்டர். எல்லாரும் தலையாட்டுறாங்க. நானும் ஆட்டுறேன்."

எனக்கு மனசு கலங்கிப்போச்சு. ஏனென்றால் அது என் கதை. இதுவரை பிரசங்கத்தில் நான் சொல்லாத கதை. இப்போது சொல்கிறேன்.

என் சாட்சி

1998-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். தமிழ் மீடியம். அப்போது மொத்த மார்க் 1200. வேதியியலில் நல்ல மார்க், அதனால் பி.எஸ்சி. வேதியியலே சேர்ந்தேன். எங்கப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான்.

முதல் நாள் பேராசிரியர் 'கேட்டலிஸ்ட்' என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் அதையே பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கல. அது பள்ளியில் நான் பக்கம் பக்கமாய் எழுதின 'வினையூக்கி' என்று மூன்று மாசம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பாடத்தையே தெரியாததாக நினைத்து, நான் மக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

அப்புறம் கல்லூரிக்கே போகாமல் நின்றேன். ஆனால் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு தினமும் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். நம்ம ஊர் ரயில் நிலையம் அப்போது மீட்டர் கேஜ் பாதை, ரயில் குறைச்சல். அங்கே மர நிழலில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்புவேன். இப்படி ஐந்து வாரம். ஒரு பௌர்ணமி நாள் கிரிவலக் கூட்டத்தால் பஸ் ஊருக்குள்ளே வரல. அப்பா வேலைத்தலத்திலிருந்து நடந்தே வந்தார். வழியில் என்னைப் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பிட்டியா?" என்றார். பிறகு, "புரியலைன்னா யாரையாவது கேட்டிருக்கலாமேடா" என்றார். அவ்வளவுதான்.

வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போனது. படிப்பு அதோடு நின்றது. பல வருஷம் கடையில் வேலை செய்து, பிறகு கர்த்தர் கிருபையால் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்தேன். அங்கே முதல் வாரமே கை தூக்கி, "ஐயா, இது புரியல" என்றேன். அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூக்கி விட்டது.

எது மாறுகிறது?

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வருவதற்கு முன்னே, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரியிலேயே ஒரு வருஷம் பி.யு.சி. படித்தார்கள். பட்டப்படிப்பு ஆரம்பிக்கும் முன்னே அந்த இடமும் மொழியும் பழக ஒரு வருஷம் கிடைத்தது. இன்றைக்கு அது இல்லை. மார்ச்சில் பள்ளி, ஜூலையில் நேரே பட்டப்படிப்பு.

பள்ளியில் உங்களைக் கேட்பார்கள். ஏன் வரல, ஏன் எழுதல, அப்பாவைக் கூட்டி வா என்பார்கள். கல்லூரியில் யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே நீங்கள்தான் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தின் சாரம் இதுதான். இதை தானியேலிடம் கற்றுக்கொள்வோம்.

1. மொழியைப் படித்தான்

தானியேலும் மூன்று நண்பர்களும் வாலிபர். அந்நிய தேசம், அந்நிய மொழி. நேபுகாத்நேச்சார் வைத்த படிப்பு மூன்று வருஷம், நம்ம டிகிரி மாதிரியே. கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படிக்கவேண்டும். இது பாபிலோன் பாஷை, எனக்கு வேண்டாம் என்று தானியேல் சொல்லவில்லை. உட்கார்ந்து படித்தான். முடிவில் ராஜாவே விசாரித்து, மற்றவர்களைவிட பத்துமடங்கு சமர்த்தராகக் கண்டான்.

தமிழ் மீடியம் பிள்ளைகளே, ஒரு வழி சொல்கிறேன். அரசுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடத்தோடு வருகின்றன. உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை ஜூனியரிடமோ சீனியரிடமோ இரவல் வாங்குங்கள். இன்டர்நெட்டில் இலவசமாகவும் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன், உந்தம் என்றால் மொமெண்டம், இணைதிறன் என்றால் வேலன்சி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு 10 வார்த்தை. ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே 50 நாள் கிடைத்தால் 500 வார்த்தை. பாடம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும். பெயர்தான் புதுசு.

2. கேட்டான், மறுபடியும் கேட்டான்

ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தானியேல் மனதில் தீர்மானித்தான். ஆனால் தட்டைத் தூக்கி எறியவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் மரியாதையாய் வேண்டிக்கொண்டான். தலைவன் ராஜாவுக்குப் பயந்து தயங்கினான். நாமாயிருந்தால் அத்தோடு விட்டிருப்போம். தானியேல் அடுத்து மேல்ஷாரிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான்.

பேராசிரியருக்கு நேரமில்லையா? டியூட்டரைக் கேளுங்கள். அவரும் இல்லையா? லேபில் இருக்கிறவரை, சீனியர் அக்காவை, அண்ணனைக் கேளுங்கள். "முழுசும் புரியல" என்று கேட்காதீர்கள், பதில் கிடைக்காது. "இந்த மூன்றாவது வரியிலிருந்து புரியல சார்" என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். பத்து நாள் இப்படிச் செய்து பாருங்கள்.

உதவித்தொகையையும் கேட்டுத்தான் வாங்கவேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கு அதேபோல் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வி சேருகிற முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. ஆதிதிராவிடரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வந்தாலும், மாநில அரசின் உதவித்தொகையில் அந்தப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நமக்குக் கிடைக்காது என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். விதிமுறை வருஷத்துக்கு வருஷம் மாறும். கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். சாதி, வருமான, முதல் பட்டதாரி சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் முன்னமே வாங்கி, ஐந்து ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பணமுடை என்று செல்போனில் வருகிற உடனடி லோன் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

3. தன்னைத்தானே விசாரித்தான்

பாபிலோனில் தானியேலின் தாய் தகப்பன் இல்லை, ஆலயம் இல்லை. பெயரைக்கூட பெல்தெஷாத்சார் என்று மாற்றிவிட்டார்கள். யாரும் பார்க்காத இடத்தில் அவன் தன் கணக்கைத் தானே பார்த்தான்.

கல்லூரிக் கணக்கு என்ன? பெரும்பாலும் 75 சதவீதம் வருகை வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால், 22 நாளுக்கு மேல் போடமுடியாது. காய்ச்சல், கல்யாணம், திருவிழா, கன்வென்ஷன் எல்லாம் அதற்குள்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 22 கட்டம் போட்டு, லீவ் எடுக்கிற அன்றே ஒன்றை அடியுங்கள். நான் ஐந்து வாரம் போனேன், யாரும் தடுக்கல.

அடுத்தது இன்டர்னல் மார்க். கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் 100-க்கு 25 இன்டர்னல், 75 பருவத் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடத்துக்கு இன்டர்னல் 40. பள்ளியில் கடைசி மாசம் உருண்டு புரண்டு படித்துத் தேறினவர்கள் இங்கே அப்படித் தேறமுடியாது. முதல் வாரத்திலிருந்தே மார்க் ஓடுகிறது. முதல் பருவத்தில் விழுகிற ஒரு அரியர், அடுத்த பருவத்துப் பாடத்தோடு சேர்ந்து முதுகில் ஏறும். ராத்திரி போன் பார்க்கிற நேரத்தில் அரைமணியைப் பிடுங்கி, அன்றைய பாடத்தை அன்றே திருப்புங்கள்.

4. நால்வராய் நின்றான்

இக்கட்டு வந்தபோது தானியேல் தன் மூன்று தோழரிடம் போனான் (தானியேல் 2:17). முதல் மாசத்திலேயே படிப்பில் அக்கறையுள்ள இரண்டு மூன்று பேரைத் தேடிச் சேருங்கள். அவர்கள் எந்த மதமானாலும் நல்ல பிள்ளைகள் நல்ல பிள்ளைகளே.

யாராவது ராகிங் செய்தால் பொறுத்துப்போகாதீர்கள். 1996 நவம்பரில் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அதன் பிறகு 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ராகிங் புகாருக்கு 24 மணி நேரமும் 1800-180-5522 என்ற இலவச எண் உண்டு. பர்சில் எழுதி வையுங்கள்.

மனசு ஒடிந்து, தூக்கம் போய், சாகலாமா என்று நினைப்பு வந்தால் அதை மூடி வைக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். சபையாரே, இதை "விசுவாசக் குறைவு" என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். ஜெபமும் பண்ணுவோம், டாக்டரிடமும் கூட்டிப்போவோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போன் பண்ணினால் "சாப்பிட்டியா, மார்க் எவ்வளவு, சபைக்குப் போனியா" என்று மூன்று கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். நாலாவதாக ஒன்று கேளுங்கள்: "இந்த வாரம் எது புரியல?" நீங்கள் படிக்காதவராயிருந்தாலும் பரவாயில்லை. பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை. புரியவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு வாசல் வேண்டும். எனக்கு அந்த வாசல் ஐந்து வாரம் தாமதமாய்த் திறந்தது.

திரும்பி வந்த தம்பியைச் சொன்னேனே. மறுநாளே அவனோடு பஸ் ஏறி அவன் கல்லூரிக்குப் போனேன். அவனே தன் டியூட்டரிடம் பேசட்டும் என்று நான் வெளியே நின்றேன். பத்து நிமிஷத்தில் கண் துடைத்துக்கொண்டு வந்தான். "திட்டுவாருன்னு நினைச்சேன் பாஸ்டர். சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு." முதல் பருவத்தில் அவனுக்கு 2 அரியர். அடுத்த பருவத்தில் ஒன்றை முடித்துவிட்டான், இன்னொன்று பாக்கி. ஆனால் இப்போது முன் வரிசையில் உட்காருகிறான்.

குடும்பமாய்ப் பேச:
1. நம் வீட்டில் "எனக்குப் புரியல" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறதா?
2. சபையிலிருந்து இந்த வருஷம் வெளியூருக்குப் படிக்கப் போன பிள்ளைகள் யார் யார்? அவர்களில் ஒருவருக்கு இந்த வாரம் போன் பண்ணுவது யார்?

கர்த்தர் நம் பிள்ளைகளுக்கு நல்ல புத்தியையும், கேட்கிற தைரியத்தையும் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.