உடலுக்குள் ஒரு கீமேன்

ரயில்வேயில் கீமேன் என்றோர் ஊழியர் உண்டு. தினமும் தன் பகுதித் தண்டவாளம் நெடுக நடந்து, தளர்ந்ததை இறுக்குவார். விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். பயணிகளுக்கு அவர் இருப்பதே தெரியாது. நம் உடலுக்குள்ளும் இப்படிச் சுற்றி வரும் காவலர்கள் இருக்கிறார்கள்.

நம் செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அவற்றைச் சோதிக்கும். அந்நியத் துணுக்கு தெரிந்தால் அந்தச் செல்லை அழித்துவிடும். துணுக்கைக் காட்டாமல் ஒளிக்கும் செல்லை, 'இயற்கைக் கொல்லி' எனப்படும் இன்னொரு வகை அணுக்கள் கவனித்துக்கொள்ளும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இதற்கு முக்கியக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தானே விரட்டிவிடுகிறது. விடாமல் தங்கிவிட்டால்தான் ஆபத்து. அப்போதும் அது புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கோ 5 முதல் 10 ஆண்டுகளே போதும். காவலரின் அருமை இந்த வித்தியாசத்தில் தெரிகிறது.

ஆனால் காவலரும் ஏமாறுவதுண்டு. சில புற்றுச் செல்கள் டி செல்லிடம் பச்சைக் கொடி காட்டித் தப்பிவிடும். டி செல்லைத் தடுக்கும் இத்தகைய 'பிரேக்'குகளை விடுவித்துச் சிகிச்சை தரலாம் என்று கண்டதற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கீமேன் கண்ணுக்குத் தெரியாத உள்விரிசலுக்காக ரயில்வே அல்ட்ராசோனிக் சோதனை வைத்திருக்கிறது. உடலுக்கும் அது தேவை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் சோதனை செய்தார்கள். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், மாறுதல் அடைந்த இடம் வெளுத்துக் காட்டும். அவ்வளவுதான் சோதனை. 2007-இல் முடிவு வெளியாயிற்று: சோதனை நடக்காத பகுதிகளைவிட நோய் 25 சதவீதமும், மரணம் 35 சதவீதமும் குறைவு.

வீட்டில் எல்லோருடைய உடம்பையும் கவனிக்கும் நம் பெண்கள், தங்கள் முறை வரும்போது "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பார்கள். நன்றாக இருக்கும்போது செய்வதுதான் இந்தச் சோதனை. முப்பதைக் கடந்தவர்கள் மருத்துவமனையின் மகளிர் பிரிவில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதையும் மருத்துவரிடம் விசாரியுங்கள். ஆண்கள் செய்யவேண்டியது, துணைக்குப் போய் வருவது.