பெர்மிட் இல்லாமல் இறங்கினார் என்றால் இழப்பீடு கிடையாதா?

கேள்வி: என் கணவர் வெல்டர். வயது 40. பக்கத்து மாவட்டத்து சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் கான்ட்ராக்டர் மூலம் வேலை பார்த்தார். நாள் சம்பளம் 950 ரூபாய். 2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் வேலைக்குப் போனவர், மாலை 6.40 மணிக்குக் கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கி விழுந்து இறந்துவிட்டார். “தொட்டிக்கு மேலே வெல்டிங் வைக்கத்தான் பெர்மிட் கொடுத்தோம். உள்ளே அவராக இறங்கினார். எங்கள் மேல் தப்பில்லை” என்று கம்பெனியில் கை விரித்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் 2 லட்சம் ரூபாய் கொடுத்து, இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். கணவரை இழந்த மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அன்று கூட இருந்த ஹெல்பர் பையன் இப்போதுதான் அந்தப் பெர்மிட்டின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தான். இனி ஏதாவது செய்ய முடியுமா?

– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: முடியும் அம்மா. ஆனால் உங்களுக்கு நாள் மிகக் குறைவு. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-ன் 10-வது பிரிவுப்படி, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். உங்கள் கணக்கில் அது 2026 ஆகஸ்ட் 10-க்குள். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் மனுவை விசாரிக்கும் பணியாளர் இழப்பீட்டு ஆணையருக்கு உண்டு. ஆனால் கெடு முடிவதற்கு முன்பே வர முடிந்த நீங்கள், மன்னிப்பு கேட்டு நிற்கும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? இந்தப் பதிலைப் படித்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

இப்போது வழக்கைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி உங்களிடம் சொன்னது சட்டப்படி எடுபடாத வாதம். பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொன்ன உத்தரவையோ விதியையோ தொழிலாளி வேண்டுமென்றே மீறி, அதனாலேயே விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 3-வது பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். அந்த விலக்கின் தொடக்கத்திலேயே ஒரு வரம்பும் இருக்கிறது. மரணத்திலோ முழுமையான நிரந்தர ஊனத்திலோ முடியாத காயங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும். உங்கள் கணவர் இறந்துவிட்டார். ஆகவே அவர் பெர்மிட்டை மீறினார் என்றே வைத்துக்கொண்டாலும் இழப்பீட்டுப் பொறுப்பு போகாது. இந்த ஒரு வரியைத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் ‘அவர் மேல்தான் தப்பு’ என்று நம்பி வீட்டோடு இருந்துவிடுகின்றன. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அதற்காக வழக்கு ஜெயித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நடந்தது என்பதை நீங்கள் நிரூபித்தாக வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விவரம் தெரிந்தவராக இருந்தால் விதிமீறல் என்று பேசமாட்டார். ‘தொட்டிக்குள் அவருக்கு வேலையே இல்லை, சொந்தக் காரியமாக இறங்கினார்’ என்பார். அதற்குப் பதில் நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸில் இருக்கிறது.

அதைப் பல முறை படித்தேன். வேலை விவரம் என்ற இடத்தில் ‘ஈ.டி.பி. டேங்க் பைப் சப்போர்ட் வெல்டிங்’ என்று எழுதியிருக்கிறது. ஈ.டி.பி. என்பது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். மேலே, வெளியே என்ற சொல்லே அதில் இல்லை. ஹாட் ஒர்க் கட்டத்தில் டிக் இருக்கிறது. மூடிய இடத்துக்குள் நுழைவதற்கான கட்டம் காலி. நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. கீழே ‘நீட்டிப்பு’ என்ற வரியில் இரவு 8 மணி வரை என்று எழுதி, தொழிற்சாலையின் ஷிப்ட் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 6.40-க்கு உங்கள் கணவர் அந்தத் தொட்டி வேலையில்தான் இருந்தார் என்பது கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு அந்தக் கையெழுத்து சாட்சி. பெர்மிட்டை வாங்கிக்கொண்டவர் என்ற இடத்தில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கிறது. உங்கள் கணவரின் கையெழுத்து எங்குமே இல்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அவரிடம் யாரும் படித்துக் காட்டியதாகவும் அதில் ஒரு வரி கிடையாது.

அடுத்தது வாயு அளவு. ஆக்சிஜன் 20.9 என்று காலையில் எழுதியிருக்கிறார்கள். திறந்த வெளியில் நாம் சுவாசிக்கும் காற்றின் அளவு அது. தொட்டிக்கு மேலே மட்டும்தான் வேலை என்றால் ஆக்சிஜனை எதற்கு அளந்தார்கள்? உள்ளே இறங்குவதற்குத்தான் என்றால், கழிவுநீர்த் தொட்டியில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஹைட்ரஜன் சல்ஃபைடு கட்டம் ஏன் காலியாக இருக்கிறது? அடியில் தங்கிய சேற்றை மிதித்தாலோ கிளறினாலோ அந்த வாயு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. காலை 9 மணிக்குப் பார்த்த அளவு மாலை 6.40-க்கு எதையும் உறுதி செய்யாது. அதனால்தான் நீட்டிப்பின்போது மறுபடி அளக்க வேண்டும் என்று முறையான பெர்மிட் எதுவும் கேட்கும். உங்கள் ஜெராக்ஸில் நீட்டிப்பு வரிக்குப் பக்கத்தில் வாயு அளவு எழுத இடம் விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றும் எழுதவில்லை.

இந்தக் காலி கட்டங்கள் எதைக் காட்டுகின்றன தெரியுமா? தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் 36-வது பிரிவு, ஆபத்தான வாயு இருக்க வாய்ப்புள்ள தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் எந்த ஆளையும் இறங்கச் சொல்லவும் கூடாது, இறங்க விடவும் கூடாது என்கிறது. இறக்க வேண்டுமென்றால் வாயுவை வெளியேற்ற முடிந்ததை எல்லாம் முதலில் செய்திருக்க வேண்டும். அதற்கு மேல், தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி மாட்டி, இடுப்பு பெல்ட்டில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ‘இறங்க விடவும் கூடாது’ என்ற வார்த்தை முக்கியம். உள்ளே போகப் பெர்மிட் கொடுக்கவில்லை என்று கம்பெனி சொல்லும்போது, அந்தச் சான்று இல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கயிறும் சுவாசக் கருவியும் இருந்தனவா என்பதை அந்த ஹெல்பர்தான் சொல்ல வேண்டும். ஹாட் ஒர்க் பெர்மிட் தீப்பொறியைக் கட்டுப்படுத்தக் கொடுப்பது. தொட்டிக்குள் ஆள் இறங்க அது போதாது, தனிப் பெர்மிட் வேண்டும். ஒரே தாளில் இரண்டு கட்டமும் அச்சாகியிருக்கும்போது ஒன்றை மட்டும் டிக் செய்து ஆளை இரவு 8 மணி வரை நிறுத்தி வைத்தவர்கள் பதில் சொல்லட்டும்.

ஜெராக்ஸை வைத்துக்கொண்டு மட்டும் வாதாட முடியாது. பெர்மிட்டின் மூலப் பிரதியையும் அன்றைய ஷிப்ட் பதிவேட்டையும் தாக்கல் செய்யும்படி கம்பெனிக்கு உத்தரவிடக் கேட்டு மனுவோடு ஒரு விண்ணப்பம் வையுங்கள். ஆவணங்களை வரவழைக்கவும் சாட்சிகளை அழைக்கவும் ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அதுவரை அந்தப் பையன் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். அவனுக்கும் அங்கேதான் பிழைப்பு.

இரண்டு லட்சத்துக்கும் பத்திரத்துக்கும் வருகிறேன். மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு ஆகாது என்கிறது 8-வது பிரிவு. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்திருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் 17-வது பிரிவின்படி செல்லாது. உங்கள் கையெழுத்து உங்களைக் கட்டாது. ஆனால் அந்தப் பணத்தை மனுவில் மறைக்காதீர்கள். வாங்கியது 2 லட்சம், வாங்கிய தேதி இது, கொடுத்தவர் இவர் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்ற எல்லாவற்றிலும் உங்கள் சொல் அடிபடும்.

கான்ட்ராக்டரை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டு ஏமாறாதீர்கள். 12-வது பிரிவின்படி தொழிற்சாலையும் முதன்மை முதலாளியாகப் பொறுப்பேற்க வேண்டும். ‘பைப் சப்போர்ட் வெல்டிங் எங்கள் தொழிலின் பகுதியே இல்லை’ என்று அவர்கள் வாதாடக்கூடும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ரசாயனத் தொழிற்சாலை ஓட முடியாது என்ற பதிலோடு தயாராக இருங்கள். மாமியாரையும் விட்டுவிடாதீர்கள். கணவரை இழந்த தாயும் சட்டப்படி சார்ந்திருப்பவர்தான். குடும்பத்துக்குள் மனத்தாங்கல் இருந்தாலும் அவர் பெயரும் மனுவில் வர வேண்டும்.

தொகை எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. அவர் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் மாதம் 15,000 ரூபாய்தான் கணக்கில் வரும். அதில் பாதி 7,500. 40 வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஈமச் செலவு தனி. காலம் தாழ்த்தியதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்திருந்தால் 50 சதவீதம் வரை அபராதம். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975-லேயே உச்ச நீதிமன்றம், இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு விபத்து நடந்த அன்றே தொடங்கிவிடுகிறது என்று சொல்லிவிட்டது. வயதுக்கு ஆதாரம் முக்கியம். பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் ஒரே வயதைச் சொல்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

ஒரு பெரிய எச்சரிக்கை. உங்கள் கணவர் இ.எஸ்.ஐ.யில் வருபவராக இருந்திருந்தால் இந்த மனுவே நிற்காது. அங்கே சார்ந்தோர் பயன் என்ற மாதாந்திரத் தொகைதான் கேட்க வேண்டும். 950 ரூபாய் வீதம் 26 நாளைக்கு 24,700 ஆகிறது. இ.எஸ்.ஐ. வரம்பு 21,000. ஆகவே அவர் வரம்புக்கு வெளியே என்று தோன்றுகிறது. ஆனால் கான்ட்ராக்டர் கணக்கில் எவ்வளவு காட்டினார், கார்டு ஏதாவது போட்டிருந்தாரா என்பதைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும், கட்ட வேண்டிய நிலையில் இருந்தவர் இ.எஸ்.ஐ.க்குள்தான் வருவார்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. உங்கள் விபத்து அதற்கு முந்தியது என்பதால் உரிமையைப் பழைய சட்டங்களைக் கொண்டு சொல்லியிருக்கிறேன். எந்தப் படிவம், எந்த அதிகாரி என்பதை உங்கள் வழக்கறிஞர் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளட்டும். புதிய சட்டத்தில் கூடுதல் அவகாசம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மனுவை விபத்து நடந்த மாவட்டத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம்.

குற்ற வழக்கைப் பற்றி இரண்டே வரி. 36-வது பிரிவை மீறியதற்கு வழக்குத் தொடர வேண்டியவர் தொழிற்சாலை ஆய்வாளர். உங்களால் நேரடியாகத் தொடர முடியாது, அதற்கான 3 மாதக் கெடுவும் எப்போதோ முடிந்திருக்கும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, விபத்து விசாரணை அறிக்கையையும் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள்.

இனி கொஞ்சம் கண்டித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கை நகல் இல்லை, பிரேதப் பரிசோதனை அறிக்கை வாங்கவில்லை, சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணவரை இழந்த துக்கத்தில் முதல் சில மாதங்கள் எதுவும் ஓடியிருக்காது. ஆனால் இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. காவல் நிலையத்துக்கு ஒருமுறையாவது போய்க் கேட்டிருக்க வேண்டாமா? சாவுக்குக் காரணம் என்ன என்று மருத்துவர் எழுதிய தாளைக் குடும்பத்தில் ஒருவரும் படிக்கவில்லை என்றால், மூச்சுத் திணறலா மாரடைப்பா என்று நாளைக்கு எதிர்த்தரப்பு கேட்கும்போது என்ன சொல்வீர்கள்? சம்பளம் வங்கிக் கணக்கில் வந்ததா, கையில் கொடுத்தார்களா என்பதைக்கூட நீங்கள் எழுதவில்லை. கான்ட்ராக்டர் ‘அவர் என்னிடம் வேலையே பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டால், மேலே நான் எழுதியது எல்லாம் நிற்க ஆதாரம் இருக்காது. கேட் பாஸ், அடையாள அட்டை, வாட்ஸ்அப்பில் வந்த வேலைத் தகவல், கான்ட்ராக்டரிடமிருந்து வந்த ஜி-பே வரவு எதுவானாலும் தேடி எடுங்கள். அவருடைய செல்போனை விற்றுவிடாதீர்கள், பிள்ளைகள் கையில் விளையாடவும் கொடுக்காதீர்கள்.

ஒரு ஜெராக்ஸையும் ஒரு கடிதத்தையும் வைத்து எழுதிய பொதுவான கருத்து இது. முழு ஆவணங்களையும் பார்க்கும் வழக்கறிஞர் வேறு முடிவுக்கு வரலாம், அவர் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும். பணத்துக்கு யோசிக்க வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு பார்க்காமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. விழுப்புரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் போய், இழப்பீட்டு மனு, கெடு ஆகஸ்ட் 10 என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஜெராக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு உங்களுடையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.