ஊருக்குப் போகிறீர்களா? வாடகைக் கார் எடுக்கும் முன் ஒரு கணக்கு

விடுமுறை நெருங்கிவிட்டது. நம் சங்கக் குடும்பங்களில் பாதிப் பேராவது விமானச் சீட்டு வாங்கியிருப்பீர்கள். சென்ற மாதக் கூட்டத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, "சென்னையிலிருந்து திருப்பதிக்குக் கார் எடுத்தால் எவ்வளவு ஆகும்?" என்று மூன்று நண்பர்கள் தனித்தனியாக என்னிடம் கேட்டார்கள். என் பூர்வீகம் சித்தூர் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள் போலும். எனக்குத் தெரிந்தது உண்மைதான். ஆனால் ஒரு தவறு செய்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தவறையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தூரம்

விமானச் சீட்டுக்குக் கணக்குப் பார்க்கும் நாம், ஊருக்குள் போகும் பயணத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. "மச்சான் கார் ஏற்பாடு செய்துவிடுவான்" என்று விட்டுவிடுகிறோம். ஒரு தாளை எடுத்து முதலில் தூரத்தை எழுதுங்கள்.

எங்கள் பயணம் இப்படி: சென்னையிலிருந்து ராணிப்பேட்டை வழியாகச் சித்தூர் சுமார் 155 கிலோமீட்டர். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் 12 கிலோமீட்டர் போல. அதையும் பார்த்துக்கொண்டு திருப்பதி போனால் சித்தூரிலிருந்து சுமார் 70. திருமலை ஏறி இறங்க 45. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர் வழியாகச் சென்னை சுமார் 140. உள்ளூர் அலைச்சலுக்கு ஒரு 60 சேர்த்தால் மொத்தம் 470 கிலோமீட்டர்.

கட்டணம் கணக்கிடும் முறை

வெளியூர்ப் பயணத்துக்கு டாக்ஸிக்காரர்கள் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கில் விலை சொல்வார்கள். அதோடு மூன்று விஷயங்கள் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒன்று, ஒரு நாளைக்குக் குறைந்தபட்ச தூரம். பெரும்பாலும் 250 கிலோமீட்டர், சிலரிடம் 300. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தூரத்துக்குப் பணம் உண்டு.

இரண்டு, நாள் என்பது எது என்பது. பலருக்கு நள்ளிரவு 12 மணியோடு ஒரு நாள் முடிகிறது. மாலை 6 மணிக்கு வண்டி எடுத்தாலும் அன்றைக்கு ஒரு முழு நாள்.

மூன்று, தூரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா? ஷெட் தாம்பரத்திலும் உங்கள் வீடு அண்ணா நகரிலும் இருந்தால், போக வர இரண்டு முறையும் அந்தத் தூரம் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

இவற்றுக்கு மேல் டிரைவர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், மாநில எல்லை கடக்கும் அனுமதிக் கட்டணம். "எல்லாம் சேர்த்துத்தானே சார்?" என்று போனில் கேட்டால், "ஆமாம் சார்" என்றுதான் பதில் வரும். எதெல்லாம் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர் முள்ளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக் கோடும் மஞ்சள் பலகையும்

சித்தூரில் இன்றைக்கும் கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம். 1911 வரை அது வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதி. அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போயிற்று. திருத்தணி மட்டும் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி தனி மாவட்டம். என் அத்தைக்கு இந்தக் கோடுகள் எதுவும் கண்ணில் தெரிவதில்லை. ஆனால் வாடகைக் காருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் அனுமதி பெற்ற டாக்ஸி ஆந்திராவுக்குள் நுழைய, தற்காலிக அனுமதி எடுத்து வரி கட்ட வேண்டும். அனைத்திந்தியச் சுற்றுலா அனுமதி உள்ள வண்டி என்றால் தொல்லை குறைவு. எனவே, "வண்டிக்கு என்ன பெர்மிட் இருக்கிறது? எல்லையில் பணம் கட்ட வேண்டியிருந்தால் யார் கட்டுவது?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நம்பர் பலகையையும் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. தெரிந்தவர் வெள்ளைப் பலகை வண்டியை மலிவாகத் தருகிறேன் என்பார். விபத்து என்று வந்தால், வாடகைக்கு ஓடிய சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் பொதுவாகக் கைகொடுக்காது. சில ஆயிரம் ரூபாய்க்காகக் குடும்பத்தோடு அந்த வண்டியில் ஏற வேண்டாம்.

பெட்டிகளையும் மறந்துவிடாதீர்கள். சி.என்.ஜி. வண்டியில் பின்பக்கம் பாதியை எரிவாயு உருளை பிடித்துக்கொள்ளும். ஏழு பேர் அமரும் வண்டியில் கடைசி இருக்கையை விரித்தால், நம் விமானப் பெட்டி ஒன்றுகூட நிம்மதியாக நிற்காது.

நான் செய்த தவறு

2023 கோடை விடுமுறை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா, ஆக ஐந்து பேர். டிரைவரோடு ஆறு. ஆகவே பெரிய வண்டி. கணக்கு எளிதாக இருக்கக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், பேட்டா 500 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு நாள் என்றால் 500 கிலோமீட்டருக்கு 10,000 ரூபாய், பேட்டா 1,000. மொத்தம் 11,000.

மூன்று நாள் என்றால் 750 கிலோமீட்டருக்கு 15,000 ரூபாய், பேட்டா 1,500. மொத்தம் 16,500.

ஓடப்போவது இரண்டு வகையிலும் அதே 470தான். ஓடாத தூரத்துக்கு எதற்குப் பணம் என்று என் மூளை வேலை செய்தது. எல்லாவற்றையும் இரண்டு நாளில் அடக்கிவிட்டேன். 5,500 ரூபாய் மிச்சம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

முதல் நாள் விடியற்காலை சென்னையை விட்டோம். சித்தூரில் அத்தை வீட்டில் சாப்பாடு, மாலையில் காணிப்பாக்கம், இரவு திருப்பதி லாட்ஜ். இரண்டாம் நாள் தரிசனம். கோயிலை விட்டு வெளியே வரும்போதே மாலை ஆகிவிட்டது. லட்டு வாங்கி, மலை இறங்கி, திருச்சானூரில் தாயாரையும் சேவித்து, கிளம்பும்போது இரவு 9 மணி. 12 மணி அடித்தால் மூன்றாம் நாள் வாடகை. என் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது.

"தம்பி, பன்னிரண்டுக்குள்ள போயிடலாமா?" என்றேன்.

"பாக்கலாம் சார்" என்றார் டிரைவர்.

புத்தூர் தாண்டி நகரியை நெருங்கும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நானும் கண் அயர்ந்தேன். திடீரென்று வண்டி குலுங்கியது. இடது பக்கச் சக்கரங்கள் சாலையை விட்டு மண்ணில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தன. அம்மா "முருகா!" என்று கத்தியதில்தான் டிரைவர் விழித்து பிரேக் போட்டார். விளக்கு வெளிச்சத்தில், இரண்டு முழம் தள்ளி ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர். யாருக்கும் அடி இல்லை. சின்னவள் மட்டும் விழித்து, "வந்துட்டோமாப்பா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "எங்கயாவது டீக்கடையில நிறுத்தச் சொல்லுப்பா" என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் கடையில்தான் அந்தப் பையனின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க சார். நேத்து ராத்திரி வண்டியிலயே படுத்தேன். ஒரே கொசு, புழுக்கம். கண்ணை மூடலை. நீங்க பன்னெண்டுக்குள்ளன்னு சொன்னீங்க, அதான் சொல்லலை" என்றார்.

லாட்ஜில் எங்களுக்கு இரண்டு அறை போட்டவன் நான். அவர் எங்கே படுப்பார் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றிரவு திருத்தணியில் அறை எடுத்து, அவருக்கும் ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்து, விடிந்த பிறகுதான் சென்னை வந்தோம். மூன்றாம் நாள் வாடகையையும் கொடுத்தேன். நம் பணத்தில் அது அறுபது டாலர் சொச்சம். குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் இங்கே ஆகிற செலவு.

இப்போது நான் போடும் கணக்கு

அதன்பிறகு எங்கே போனாலும் செலவுப் பட்டியலில் முதல் வரியாக டிரைவரின் தூக்கத்தை எழுதுகிறேன். வண்டி பேசும்போதே, "முந்தின இரவு வேறு சவாரி இல்லாத டிரைவரை அனுப்புங்கள்" என்று சொல்லிவிடுகிறேன். அறை எடுக்கும்போது, "டிரைவர் படுக்க இடம் உண்டா?" என்று கேட்கிறேன். இல்லையென்றால் வேறு லாட்ஜ், அல்லது அவருக்கும் ஒரு படுக்கைக்குப் பணம். பேட்டா அவர் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். அதிலேயே தங்கிக்கொள்ளட்டும் என்று நினைக்காதீர்கள். இரவு 9 மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் பயணம் இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பணம் மிச்சப்படுத்தவும் வழி உண்டு. அவசரப்படாமலே செய்யலாம்.

1. காரை மூன்று நாளும் கூடவே வைத்திருக்காதீர்கள். சென்னையிலிருந்து சித்தூருக்கு ஒருவழி டாக்ஸி எடுத்து அனுப்பிவிடலாம். அத்தை வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, சித்தூரிலேயே ஒரு நாள் வண்டி பேசிக் காணிப்பாக்கம், திருப்பதி போகலாம். அது ஆந்திர வண்டி என்பதால் எல்லைத் தொல்லை இல்லை.

2. திருப்பதியிலிருந்து சென்னைக்கு ரயிலிலும் திரும்பலாம். சப்தகிரி எக்ஸ்பிரஸ் நேராகச் சென்னை சென்ட்ரல் வருகிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பாகாலா வழியாக ரயில் உண்டு, அரசுப் பேருந்தும் உண்டு.

3. தரிசனச் சீட்டு கையில் வந்த பிறகு கார் பேசுங்கள். 300 ரூபாய்ச் சிறப்புத் தரிசனச் சீட்டைத் தேவஸ்தானம் மாதங்களுக்கு முன்பே இணையத்தில் வெளியிடுகிறது. வந்த வேகத்தில் தீர்ந்தும் போகிறது. சீட்டில் உள்ள நேரத்தை வைத்துத்தான் வண்டி எத்தனை நாள் என்று முடிவு செய்ய வேண்டும். கூட்ட நாளில் இலவச தரிசன வரிசை ஒரு நாளையே விழுங்கிவிடும். வரிசையில் நீங்கள் நிற்கும் நேரமும் டாக்ஸிக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

4. மலைமேல் தேவஸ்தானத்தின் இலவசப் பேருந்துகள் சுற்றி வருகின்றன. திருப்பதியிலிருந்து மலைக்கு அரசுப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. முதியவர் இல்லையென்றால் கார் கீழேயே நிற்கட்டும், டிரைவரும் தூங்கட்டும்.

5. மலைக்குக் காரிலேயே போவதென்றால் அலிபிரியில் சோதனை உண்டு. வண்டியில் ஃபாஸ்டாக் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து அங்கே அது கட்டாயம். மது, புகையிலை, இறைச்சிக்கு அனுமதி இல்லை. ஏறுவதற்கு 1974இல் திறந்த பாதை, இறங்குவதற்கு 1944இல் போட்ட பழைய பாதை. பழைய பாதையில் வளைவுகள் மிகுதி. குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னதாகக் கீழே வந்து சேர்ந்தால், வேகமாக ஓட்டியதாக அபராதம் போடுவார்கள். எனவே டிரைவரை அவசரப்படுத்துவதில் லாபமே இல்லை. பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரையும் ஒரு பையும் கையில் இருக்கட்டும்.

6. மொத்தக் கணக்குக்கு மேல் ஒரு நாள் வாடகை அளவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஓர் இரவு தங்க நேர்ந்தால், கடிகாரத்தைப் பார்க்காமல் தங்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது பெரும்பாலும் காரின் ஜன்னல் வழியாகத் தெரிவதுதான். சென்ற ஆண்டு மீண்டும் போனபோது மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். மதியம் சந்திரகிரிக் கோட்டையில் இறங்கி மரத்தடியில் புளியோதரை சாப்பிட்டோம். டிரைவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சித்தூர் மாம்பழத்தில் எது நல்லது என்று சின்னவளுக்குப் பாடமே நடத்திவிட்டார்.

உங்கள் பயண அனுபவங்களையும் ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். மதுரைப் பக்கம், யாழ்ப்பாணப் பக்கம் போகிறவர்களுக்கும் உதவும். எல்லோரும் நலமாகப் போய் நலமாகத் திரும்பி வாருங்கள். பொங்கல் விழாவில் சந்திப்போம்.