பூமிக்கும் ஒரு கம்பளி உண்டு



தை மாதத்திலே ஒரு காலை நேரம். பிரட்டுக்களத்துக்கு வரும்போதே எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு வருகிறோம். "நேத்து ராவு என்னா குளிரு அக்கா! வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல" என்கிறார் ஒருவர். "ஆமா தங்கச்சி, முந்தாநாளு மப்பா கெடந்துச்சு, அன்னைக்கு இவ்வளவு குளிரல்ல" என்கிறார் மற்றவர்.

நாம் சாதாரணமாகப் பேசும் இந்தப் பேச்சுக்குள் ஒரு பெரிய விஞ்ஞானப் பாடம் இருக்கிறது. பகலிலே மேகம் வந்தால் வெயில் மறைந்து குளிர்கிறது. ஆனால் ராத்திரியிலே மேகம் இருந்தால் குளிர் குறைகிறது. ஒரே மேகம் பகலில் ஒரு மாதிரியும் ராவில் வேறு மாதிரியும் வேலை செய்வது ஏன்?

இதற்கு விடை தெரிந்தால், ரேடியோவிலும் பத்திரிகையிலும் அடிக்கடி வரும் 'பச்சை வீட்டு விளைவு', 'பூமி சூடாகிறது' என்ற பேச்சும் விளங்கிவிடும். மலைச் சரிவில் குடியிருக்கும் பூனாகலை மக்களுக்கு இது வெறும் பள்ளிக்கூடப் பாடம் அல்ல. ஏன் என்பதைக் கட்டுரையின் கடைசியில் பார்ப்போம்.

வரவும் செலவும்

ஒரு குடும்பத்துக்கு வரவு இருக்கிறது, செலவு இருக்கிறது. பூமிக்கும் அப்படித்தான். பூமிக்கு வரவு சூரிய வெப்பம். செலவு என்ன? பூமி தானும் ராப்பகலாக வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது.

"பூமியிலிருந்து வெப்பம் போவதை நாங்க பார்த்ததில்லையே" என்று கேட்பீர்கள். அடுப்பை அணைத்த பிறகு அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெளிச்சம் ஒன்றும் இல்லை, ஆனால் கையில் சூடு படுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிருக்குச் செங்கீழ்க் கதிர் என்று பெயர். சூடான பொருள் எல்லாம் இதை வெளிவிடும். கல், மண், தேயிலைச் செடி, லயத்துத் தகரம், நம்ம உடம்பு எல்லாமே விடுகின்றன.

சூரியனிலிருந்து பூமிக்கு 100 பங்கு வெப்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 30 பங்கை மேகமும் காற்றும் தரையும் அப்படியே வானத்துக்குத் திருப்பிவிடுகின்றன. மேகமுள்ள பகலில் குளிர்வது இதனால்தான். ஏறக்குறைய 23 பங்கை வளிமண்டலம் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் 47 பங்கு கடலிலும் மண்ணிலும் செடியிலும் சேர்கிறது. இப்படி உள்ளே தங்கிய 70 பங்கும் கடைசியில் செங்கீழ்க் கதிராக வானத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். அப்போதுதான் வரவும் செலவும் சரி. பூமியின் சூடு கூடாமலும் குறையாமலும் நிற்கும்.

கம்பளி என்ன செய்கிறது?

இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் பூமியின் சராசரி வெப்பநிலை சைபருக்குக் கீழே 18 பாகை செல்சியஸாக இருக்கவேண்டும். டவுன் கடையில் ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டிக்குள் இருக்கும் குளிர் அது. ஒரு செடி முளைக்காது. ஆனால் உண்மையில் பூமியின் சராசரி ஏறக்குறைய 15 பாகை. இந்த 33 பாகை வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மழை நாளில் மலைக்குப் போகும்போது கம்பளியைப் போட்டுக்கொண்டு போகிறோம். கம்பளிக்குள்ளே நெருப்பு இல்லை. நம்ம உடம்புச் சூடு சட்டென்று வெளியே போய்விடாமல் அது தடுக்கிறது, அவ்வளவுதான். காற்றிலுள்ள நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் போன்ற வாயுக்கள் பூமிக்கு அப்படி ஒரு கம்பளி. அவை சூரிய வெளிச்சத்தைப் பெரும்பாலும் உள்ளே விடுகின்றன. ஆனால் தரையிலிருந்து கிளம்பும் செங்கீழ்க் கதிரைப் பிடித்து, அதில் ஒரு பகுதியை மறுபடி தரைக்கே அனுப்புகின்றன. ராப்பகல் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், இப்படி மேலிருந்து தரைக்குத் திரும்பி வரும் வெப்பம், தரையில் வந்து சேரும் வெயிலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதைத்தான் பச்சை வீட்டு விளைவு என்கிறார்கள்.

மேகமும் இந்த வேலையைச் செய்கிறது. ராத்திரியில் வெயில் இல்லாதபடியால் மேகம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்போது அது முழுக்க முழுக்கக் கம்பளிதான். வானம் வெளித்த ராவில் அந்தக் கம்பளி விலகிவிடுகிறது.

செய்து பார்ப்போம்

பிள்ளைகளே, இதை நீங்களே வீட்டு வாசலில் செய்து பார்க்கலாம். காற்று இல்லாத, வானம் வெளித்த ஒரு ராத்திரியைத் தெரிந்தெடுங்கள். நன்றாகத் துடைத்த இரண்டு தகரத் தட்டுகளை எடுங்கள். இரண்டையும் புல்லுக்கு மேலே சாக்கு விரித்து வையுங்கள். ஒன்று திறந்த வானத்தின் கீழே இருக்கட்டும். மற்றதற்கு மேலே நாலு கம்பு நட்டு, இரண்டடி உயரத்தில் ஒரு உரச்சாக்கைக் கூரை மாதிரி கட்டிவிடுங்கள்.

காலையில் வெயில் படுவதற்கு முன்னே வெள்ளனவே போய்ப் பாருங்கள். திறந்த வானத்தின் கீழிருந்த தட்டு பனித்தண்ணீரால் நனைந்திருக்கும். சாக்குக்குக் கீழிருந்த தட்டு காய்ந்தே இருக்கும், அல்லது கொஞ்சம்தான் நனைந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே இடம். திறந்திருந்த தட்டு தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோனது. அதனால்தான் காற்றிலிருந்த நீராவி அதன் மேல் தண்ணீராகப் படிந்தது. மற்றத் தட்டுக்குச் சாக்கு கம்பளியாக இருந்தது.

பூனாகலையை விட உயரமான நுவரெலியாப் பக்கத்தில் இது இன்னும் கடுமையாக நடக்கிறது. தை, மாசி மாதங்களில் வெளித்த ராவுகளில் காற்று உறைநிலைக்கு மேலே இருக்கும்போதே கொழுந்தின் மேற்பரப்பு சைபருக்குக் கீழே போய்விடும். அதுதான் துகள் பனி. காலையில் பார்த்தால் வெள்ளை விரித்த மாதிரி இருக்கும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிப்போகும். நிழல் மரத்துக்குக் கீழிருக்கும் செடிகளுக்குச் சேதம் குறைவு. மரத்தின் கிளையும் இலையும் அந்தச் செடிக்குக் கம்பளி.

இதைக் கண்டுபிடித்தவர்கள்

இந்த அறிவு நேற்றுப் பிறந்ததல்ல. 1824இல் பிரான்ஸ் நாட்டு ஃபூரியே, வளிமண்டலம் பூமியின் சூட்டைக் காக்கிறது என்று எழுதினார். 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் பல வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து வெப்பமானியால் அளந்தார். காபனீரொட்சைட்டு அடைத்த குழாய்தான் கூடச் சூடேறியது. இந்த வாயு கூடினால் பூமி சூடாகும் என்று அவர் அன்றே சொன்னார். இலங்கையில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கும் 11 வருடங்களுக்கு முந்திய பரிசோதனை இது. 1859இல் ஜோன் டின்டால், எந்தெந்த வாயுக்கள் வெப்பக் கதிரைப் பிடிக்கின்றன என்று கருவி வைத்து அளந்தார். 1896இல் சுவீடன் நாட்டு அரேனியஸ் காபனீரொட்சைட்டு கூடினால் எவ்வளவு சூடு கூடும் என்று கணக்குப் போட்டார்.

இந்த வரிசையில் ஒரு தமிழரும் இருக்கிறார். சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்திரன் ராமநாதன் அவர். படித்து முடித்துக் குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஒரு கம்பனியில் வேலை பார்த்தார். பெட்டியிலிருந்து வாயு கசிவது ஏன் என்று பார்ப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. பிறகு அமெரிக்கா போய், அதே வாயு வெப்பத்தைப் பிடிப்பதில் காபனீரொட்சைட்டை விட ஆயிரக்கணக்கான மடங்கு பலமானது என்று 1975இல் கண்டுபிடித்தார். மேகத்தின் இரண்டு வேலைகளையும் செய்மதிக் கருவிகளின் அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்து, மொத்தத்தில் மேகம் பூமியைக் குளிர்விக்கவே செய்கிறது என்று 1989இல் காட்டியவர்களில் முதன்மையானவரும் அவரே. பிரட்டுக்களத்தில் அக்காவும் தங்கச்சியும் பேசிய அதே விசயம்தான்!

கம்பளி தடிக்கிறது

கம்பளி இருப்பது நல்லதுதான். அது தேவைக்கு மேலே தடிப்பதுதான் தொல்லை. யந்திர காலத்துக்கு முன்னே காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. நிலக்கரி, டீசல், பெற்றோல் எரித்தும் காட்டை அழித்தும் வந்ததால் 1958இல் அது 315 ஆனது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. மாட்டுச் சாணம், குப்பை, சேற்று நிலம் ஆகியவற்றிலிருந்து மெதேனும், கூடுதலாகப் போடும் யூரியா போன்ற உரங்களிலிருந்து நைதரசன் ஒட்சைட்டு வாயுவும் வருகின்றன.

இதனால் பூமியின் கணக்கில் வரவு செலவை மிஞ்சி நிற்கிறது. மிஞ்சுவது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு வாட் அளவுதான். ஒரு சின்ன டோர்ச் பல்புக்குப் போதும். ஆனால் உலகம் முழுவதும், ராப்பகலாக, வருடக்கணக்காகச் சேர்ந்தால் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். இதில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது. 2024ஆம் ஆண்டில் உலகச் சராசரி வெப்பநிலை யந்திர காலத்துக்கு முந்திய நிலையை விட ஏறக்குறைய 1.5 பாகை கூடியிருந்தது.

"சூரியனே கூடச் சூடாகியிருக்கலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 1978 முதல் செய்மதிகள் சூரியனை அளந்து வருகின்றன. அதன் சூடு கூடவில்லை. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேல்தட்டும் சூடேற வேண்டும். ஆனால் கீழே சூடு கூடக்கூட மேல்தட்டு குளிர்ந்து வருகிறது. வெப்பம் கம்பளிக்குக் கீழே மாட்டிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

நமக்கு என்ன?

உலகம் முழுவதும் விடும் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூட இல்லை. விறகு அடுப்பில் சமைத்து, நடந்தே மலைக்குப் போகும் தோட்டக் குடும்பத்தின் பங்கு இன்னும் சொற்பம். ஆனால் விளைவு நம்ம வாசலுக்கு வருகிறது.

காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் காய்கிற காலத்தில் மண் சீக்கிரம் வரளும். பெய்கிறபோது கொட்டித் தீர்க்கும். சரிவான மலையில் கொட்டும் மழைதான் நமக்குப் பயம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கமாட்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2023 மார்ச் 19 இரவு நம்ம பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்து குடும்பங்கள் வீட்டை இழந்தன. ஒவ்வொரு மண்சரிவுக்கும் பூமி சூடானதே காரணம் என்று சொல்ல முடியாது. மண்ணின் தன்மை, சரிவை வெட்டிய விதம், அடைபட்ட கான் எல்லாம் சேர்ந்தே சரிக்கின்றன. ஆனால் கனமழை கூடக்கூட, ஏற்கனவே பலவீனமான சரிவுக்கு ஆபத்து கூடும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. மழையை அளந்து பழகுங்கள். நேரான பக்கமுள்ள ஒரு டின்னை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, அடிக்கோலால் அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் (3 அங்குலம்) தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 (4 அங்குலம்) தாண்டினால் புறப்படத் தயாராகுங்கள். 150 (6 அங்குலம்) தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு.

2. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் தண்ணீர், கலங்கி வரும் பீலித் தண்ணீர், வற்றிப்போன ஊற்று, இவற்றைக் கண்டால் அளவு பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் முதலில் அனுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

3. லயத்தைச் சுற்றிய கான்களை மழைக்கு முன்னே சுத்தம் செய்யுங்கள். குப்பையைக் கானில் போடாதீர்கள்.

4. வீட்டுத் தோட்டத்திலும் ஓடைக் கரையிலும் மரம் நடுங்கள். மரம் வெயிலை மறைக்கும், பனியைத் தடுக்கும், மண்ணைப் பிடிக்கும், காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொள்ளும்.

5. விறகு குறைவாக எரியும் அடுப்பைப் பாவியுங்கள். அதனால் உலகம் குளிர்ந்துவிடாது. ஆனால் அம்மாமாரின் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் உடனே நன்மை கிடைக்கும். சுமக்கும் விறகும் குறையும்.

பெரிய நாடுகள் செய்யவேண்டியது பெரிய வேலை. அது முடியாத காரியமல்ல. குளிர்சாதனப் பெட்டி வாயுவைக் குறைக்க 1987இல் மொன்றியல் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. அந்த வாயு இப்போது காற்றில் குறைந்து வருகிறது. கூட்டாக முடிவெடுத்தால் நடக்கும் என்பதற்கு இது சாட்சி. அதுவரை நம்ம உயிரை நாம் காத்துக்கொள்வோம்.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்

1. மேகமுள்ள பகல் குளிர்வதும், மேகமுள்ள ராத்திரி குளிராமல் இருப்பதும் ஏன்?
2. பூமிக்குக் கம்பளியே இல்லாவிட்டால் சராசரி வெப்பநிலை எவ்வளவாக இருக்கும்?
3. உங்கள் டின்னில் ஒரு நாள் ராத்திரி 110 மில்லிமீற்றர் மழை இருந்தால் வீட்டில் என்ன சொல்வீர்கள்?

விடைகளை அப்பா அம்மாவுக்கும் அப்பாயிக்கும் வாசித்துக் காட்டுங்கள். மூன்றாவது கேள்வியின் விடை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.