உலகின் முதல் பெண் பிரதமரும் கண்டிச் சீமைத் தோட்ட மக்களும்

அண்மையில் ஈஜோக் வட்டாரத் தோட்ட மகளிர்க்கென நடைபெற்ற கூட்டமொன்றில், அரசியலில் உயர்பதவி வகித்த பெண்மணிகளைப் பற்றி நாம் உரையாற்றினோம். உலகிலேயே முதன்முதலாகப் பிரதமர் பதவியேற்ற பெண்மணி இலங்கையின் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் என்று கூறியதும், பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, எங்கள் அப்பா மலாயாவுக்கு வந்தார்; பெரியப்பா குடும்பம் கண்டிச் சீமைக்குப் போனது. அந்த அம்மா ஆட்சியிலேதானே பெரியப்பா பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பினார்கள்? பெண் ஆண்ட நாட்டிலே நம் பெண்களுக்கு அதுதானா கிடைத்தது?" என்று வினவினார். கூட்ட நேரம் முடிந்துவிட்டமையால் அன்று முழு விடை தர இயலவில்லை. அவ்விடையையே இங்கு எழுத முற்படுகின்றோம்.

சிறிமாவோ அம்மையார் 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இரத்தினபுரிப் பகுதியில், செல்வாக்கு மிக்க ரத்வத்தை குடும்பத்தில் பிறந்தார். கொழும்பில் கத்தோலிக்கக் கன்னியர் மடப் பள்ளியில் பயின்றாராயினும் பௌத்த சமயத்தையே பின்பற்றினார். 1940-இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவை மணந்தார். கணவர் அரசியலில் வளர்ந்து வந்த காலத்தில், அம்மையார் மகளிர் சமித்தி என்னும் மாதர் இயக்கத்தின் வழி சிற்றூர்தோறும் சென்று பெண்களின் சுகாதாரம், கைத்தொழில் முதலியவற்றில் உழைத்தார். அரசியலறியாத இல்லத்தரசி திடீரென நாட்டையாள வந்தார் என்று சிலர் எழுதுவது முழு உண்மையன்று. மேடைப் பேச்சு அவருக்குப் புதிதாயிருந்திருக்கலாம். கிராமத்து மக்கள் புதியவரல்லர்.

1956-இல் பிரதமரான கணவர், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டத்தை அவ்வாண்டே கொண்டுவந்தார். 1959 செப்டம்பர் 25-ஆம் நாள் தம் இல்லத்திலேயே பிக்கு ஒருவரால் சுடப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். 1960 மார்ச்சில் நடந்த தேர்தலில் அமைந்த அரசு ஒரே மாதத்தில் கவிழ்ந்தது. மீண்டும் தேர்தல் வந்தபோது, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி கைம்பெண்ணான அம்மையாரைத் தலைமையேற்க வேண்டிற்று. மூன்று பிள்ளைகளின் தாயாகிய அவர், கணவரின் குரலைப் பதிவு செய்த ஒலிநாடாக்களுடன் ஊர் ஊராய்ச் சென்றார். "அழும் விதவை" என எதிரணியினர் ஏளனம் செய்தனர். ஜூலைத் தேர்தலில் அவர்தம் கட்சி 75 இடங்களை வென்றது. அம்மையார் தாம் எத்தொகுதியிலும் போட்டியிடவில்லை. 1960 ஜூலை 21-ஆம் நாள் பிரதமரான பின், மேலவைக்கு, அதாவது நம் நாட்டு டேவான் நெகாரா போன்ற அவைக்கு, நியமனம் பெற்றார். இந்தியாவில் இந்திரா காந்தி அம்மையார் பதவியேற்றது 1966-இல். இஸ்ரேலின் கோல்டா மேயர் 1969-இல். நம் நாட்டில் பெண்மணி ஒருவர் முதன்முதலாகத் துணைப் பிரதமரானது 2018-இல்தான்.

பதவிக்கு வந்தவர் வாளாவிருக்கவில்லை. உதவி பெற்ற தனியார் பள்ளிகளை அரசுடைமையாக்கினார். 1961-இல் சிங்கள ஆட்சிமொழிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததை எதிர்த்து வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் அறப்போர் நடத்தியபோது, நெருக்கடிநிலைச் சட்டத்தால் அதனை அடக்கினார். 1962-இல் படை, போலீஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பை முறியடித்தார். அதே ஆண்டு இந்தியாவும் சீனாவும் எல்லையில் மோதியபோது, அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் கூட்டிச் சமரச ஆலோசனைகளை முன்வைத்தார்.

நாடற்றவர் கதை

இனி மூதாட்டியின் வினாவிற்கு வருவோம். "நாடற்றவர்" என்பவர் யார்? எந்த நாடும் தன் குடிமகன் என ஏற்றுக்கொள்ளாதவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் அந்நிலைக்கு ஆளானது அம்மையார் காலத்தில் அன்று. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், டி. எஸ். சேனநாயக்கா பிரதமராயிருந்தபோது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, தந்தையேனும் இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயத்து வாழ்க்கையில் சான்றுக்கு எங்கே போவது? மறு ஆண்டுச் சட்டங்கள் வாக்குரிமையையும் பறித்தன. கொழுந்து பறித்த கைகளுக்கு வாக்குச்சீட்டு இல்லாமற் போயிற்று.

இச்சிக்கலைத் தீர்க்க அம்மையார் 1964 அக்டோபர் 30-ஆம் நாள் புது டில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். நாடற்றோர் 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்வர். 300,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர். எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் முடிவு செய்யப்படும். பதினைந்து ஆண்டுகளில் அனைத்தும் நிறைவேற வேண்டும். இக்கணக்கைச் சற்று நின்று கவனியுங்கள். இலங்கையில் நால்வர்க்கு இடமெனில் எழுவர் கப்பலேற வேண்டும். 1974-இல் இந்திரா காந்தி அம்மையாருடன் செய்த உடன்பாட்டின்படி எஞ்சியோரும் ஆளுக்கு 75,000 பேர் என இரு நாடுகளுக்கும் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். கையொப்பமிட்ட இருவரும் பெண் பிரதமர்கள். எந்த ஒப்பந்தத்திலும் அம்மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. வாக்கில்லாதவரை எந்தக் கட்சி கேட்கும்?

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பலில் ஏறியவர்களுள் பலர் இந்திய மண்ணை அதற்குமுன் கண்டதில்லை. மண்டபம் முகாமிலிருந்து பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டனர். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவர்களுக்கென்றே தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிற்று. அங்கும் அதே கொழுந்து, அதே கூடை. 1984-இல் போரின் காரணமாகக் கப்பல் நின்றபோது பயணத்திற்குக் காத்திருந்தோர் அங்கேயே தங்கிவிட்டனர்.

இதைப் படிக்கும் ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதி முதியோர்க்கு வேறொரு நினைவும் எழக்கூடும். 1969-ஆம் ஆண்டிற்குப் பின், குடியுரிமையில்லாதோர் வேலை செய்ய பெர்மிட் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, பால்மரத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். விண்ணப்பம் எழுத ஆளின்றியும், "பிறகு பார்க்கலாம்" என்றும் இருந்தோரே அவர்களுள் பலர். இன்றும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர் வீட்டிலிருப்பின், பிள்ளைகள் தேசியப் பதிவிலாகாவிற்கு அழைத்துச் சென்று விசாரித்தல் நன்று. குடிமக்கள் 18 வயதில் தாமாகவே வாக்காளராகப் பதிவு பெறும் முறை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனினும் வாக்களிக்கும் இடம் கார்டிலுள்ள முகவரியைப் பொறுத்தது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தோர் பழைய லயத்து முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீழ்ச்சியும் மீட்சியும்

1964 டிசம்பரில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் அம்மையார் அரசு நாடாளுமன்றத்தில் தோற்றது. மறு ஆண்டுத் தேர்தலிலும் தோல்வி. 1970-இல் இடதுசாரிகளுடன் கூட்டணி கண்டு பெருவெற்றியுடன் திரும்பினார். 1971-இல் இளைஞர் கிளர்ச்சி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டது. 1972 மே 22-ஆம் நாள் இலங்கை குடியரசாயிற்று. முந்தைய அரசியலமைப்பிலிருந்த சிறுபான்மையினர் பாதுகாப்பு விதி புதியதில் இல்லை.

அவ்வாட்சியில்தான் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1972-ஆம் ஆண்டின் சட்டம் தனியார்க்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975-இல் ஆங்கிலேயக் கம்பெனித் தோட்டங்களும் அரசின் கைக்கு வந்தன. துரைமார் போனால் தொழிலாளிக்கு விடிவு என்றே எவரும் நினைப்பர். ஆனால் கண்டிப் பகுதியில் சில தோட்டங்கள் கிராமத்தார்க்குப் பங்கிடப்பட, அங்கு மூன்று தலைமுறையாய் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். 1973, 1974-ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலையேற்றமும் இறக்குமதிக் குறைவும் உணவுத் தட்டுப்பாட்டை உண்டாக்கின. பயிரிட ஒரு சாண் நிலமும் இல்லாத தோட்ட மக்களிடையே இறப்பு விகிதம் பெரிதும் உயர்ந்தது. பெண் தொழிலாளர்க்கு ஆண்களுக்கிணையான நாட்கூலி கிடைத்தது 1984-இல். அப்போது அம்மையார் ஆட்சியில் இல்லை.

1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டைக் கொழும்பில் கூட்டி உலகத் தலைவர்களிடையே தலைமை வகித்தார். மறு ஆண்டு ஜூலையில் 168 இடங்களுள் அவர் கட்சிக்குக் கிட்டியவை எட்டே. வெளிநாட்டுப் புகழால் உள்நாட்டு அடுப்பு எரிவதில்லை.

அடுத்து நிகழ்ந்ததை மூதாட்டி அறிந்திருக்க மாட்டார் என எண்ணுகின்றோம். 1980 அக்டோபரில், ஆட்சிக்காலத்தை நீட்டித்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில், புதிய அரசு அம்மையாரின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுகளுக்குப் பறித்து நாடாளுமன்றத்திலிருந்து நீக்கியது. தேர்தலில் நிற்கவும் முடியாது; வாக்களிக்கவும் முடியாது. 1982 அதிபர் தேர்தலை அவர் வெளியே நின்று பார்க்க நேர்ந்தது. அது நியாயமன்று என்றே நாம் கருதுகின்றோம். 1948-இல் இலட்சக்கணக்கானோர்க்கு நடந்ததும் அவ்வாறே நியாயமன்று. ஆனால் அம்மையார்க்கு 1986 ஜனவரியில் உரிமை திரும்பிற்று.

1988 அதிபர் தேர்தலில் பிரேமதாசாவிடம் தோற்றார். 1994-இல் மகள் சந்திரிகா குமாரதுங்க அதிபரானதும் மூன்றாம் முறையாகப் பிரதமரானார். ஆயினும் அதிகாரம் இப்போது அதிபரிடம் இருந்தது. உடல் தளர்ந்து 2000 ஆகஸ்ட் 10-ஆம் நாள் பதவி விலகினார். சரியாக இரு மாதங்கள் கழித்து, அக்டோபர் 10-ஆம் நாள் பொதுத்தேர்தலில் தம் வாக்கைச் செலுத்திவிட்டு வீடு திரும்பும் வழியில் மாரடைப்பால் காலமானார். அகவை 84.

தோட்டங்களில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2003 அக்டோபரில் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. மூதாட்டியின் பெரியப்பா பிள்ளைகள் அதற்கு நெடுங்காலம் முன்னரே இராமேசுவரத்தில் இறங்கியிருந்தனர்.