ஆற்றுப்படையும் அயல்நாட்டுப் பயணமும்

முன்னுரை

எல்லையோரத்தில் வாழ்பவர்கள் நாம். ஓசூரை விட்டு ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே மாநிலமே மாறிவிடுகிறது. கடைகளின் பெயர்ப்பலகையில் எழுத்து மாறுகிறது. எனினும் இவ்வெல்லையைக் கடக்க நமக்கு எந்தச் சீட்டும் வேண்டுவதில்லை. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, வேலைத்தலத்தில் ஒரு மொழி என்று தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குவது இப்பகுதியின் இயல்பு. இங்கு மலரும் ரோஜா பெங்களூரில் விமானமேறி அயல்நாடு செல்கிறது. ஓசூரில் உருவாகும் மோட்டார் சைக்கிள் கப்பலேறி ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்கிறது. ஆனால் அந்த ரோஜாவைப் பறித்தவரும், அந்த வண்டிக்குத் திருகாணி முடுக்கியவரும் அந்நாடுகளைக் காண்பது அரிதாகவே உள்ளது.

இதற்குப் பணமின்மை ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டுமே காரணமன்று. வழி அறியாமை அதனினும் பெரிய தடையாக நிற்கிறது. முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு வழி சொல்லாத இடத்தில் பயணம் என்பது செல்வர் சிலரின் பொழுதுபோக்காகவே நின்றுவிடும். இக்கருத்தை நம் பழைய இலக்கியம் ஒன்றின் துணையோடும், இருவேறு நாடுகளைச் சேர்ந்த இரண்டு தம்பதியரின் பயணங்களைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்மிடம் இருந்த வழிகாட்டி நூல்

பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்றுவந்த வழியைச் சொல்லி ஆற்றுப்படுத்துவது இவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு. அவற்றுள் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் நமக்கு மிகவும் அண்மையது. கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயருடைய 583 அடிப் பாட்டு அது. அதன் தலைவனாகிய நன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம். ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலை செல்லும் பேருந்தில் ஏறிய நம் மாணவர் பலர் அவ்வூரைக் கண்டிருப்பர்.

அப்பாட்டின் கூத்தர் தனியே செல்லவில்லை. ஆடல் மகளிரும் சுற்றமும் உடன் செல்கின்றனர். இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுச் சுமந்து நடக்கின்றனர். அப்பைகள் பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் தோன்றுகின்றன என்கிறார் புலவர். இன்று முதுகுப்பையுடன் ஊர் சுற்றும் இளைஞர் கூட்டத்தைக் காணும்போது இவ்வுவமை நினைவுக்கு வராமற் போகாது.

வழி சொல்பவன் ஊரின் பெருமையை மட்டும் பேசி விட்டுவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே உள்ளன, பாம்பு மறைந்திருக்கும் இடம் எது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, வழுக்கும் சரிவில் எதைப் பற்றிக்கொண்டு இறங்குவது, இரவில் எங்கே தங்குவது, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று ஒவ்வொன்றையும் விளக்குகிறான். எல்லாவற்றினும் சிறந்த அறிவுரை ஒன்றும் அதில் உண்டு. வழிகள் பிரியும் இடத்தில், பின்னே வருவோர் அறியும்படி, புல்லை முடிந்து அடையாளம் வைக்க வேண்டும் என்பதே அது. செலவில்லாத செயல், குனிந்து நிமிரும் நேரம்தான் ஆகும். ஆனால் அம்முடிச்சு இல்லையேல் பின்னே வருபவன் காட்டில் அலைய நேரும்.

சிற்றுந்தில் புறப்பட்ட தம்பதி

இனி நம் காலத்திற்கு வருவோம். டோனி வீலர் இங்கிலாந்துக்காரர். மோட்டார் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். மவுரீன் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துப் பெண். 1970இல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் சந்தித்த இவர்கள் 1971இல் மணம் செய்துகொண்டனர். 1972இல் 65 பவுன் விலையில் ஒரு பழைய சிற்றுந்தை வாங்கி, அதில் ஐரோப்பாவைக் கடந்து ஆசியாவுக்குப் புறப்பட்டனர். துருக்கி, ஈரான் வழியாக ஆப்கானிஸ்தானை அடைந்து, காபூலில் வண்டியை விற்றனர். அதன்பின் பேருந்து, இரயில், கிடைத்த வண்டி என்று பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், தென்கிழக்காசியா எனத் தொடர்ந்தது பயணம். பாலித் தீவிலிருந்து ஒரு பாய்மரப் படகில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை அடைந்து, அங்கிருந்து வழிப்போக்கு வண்டிகளில் ஏறி டிசம்பர் மாத இறுதியில் சிட்னி போய்ச் சேர்ந்தனர். அப்போது அவர்கள் கையில் எஞ்சியிருந்தது வெறும் 27 சென்ட்!

இதுவரை நடந்தது இரண்டு இளைஞர்களின் துணிச்சல். அதற்குப் பின் நடந்ததே நம் ஆராய்ச்சிக்கு உரியது. இவ்வளவு குறைந்த செலவில் எவ்வாறு வந்தீர்கள் என்று சந்தித்தவரெல்லாம் கேட்கவே, தம்பதியர் தம் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து ஒரு சிறு நூலை உருவாக்கினர். தாள்களைத் தாமே அடுக்கி, தாமே பின்னடித்து, 1973இல் வெளியிட்டனர். ஆசியாவை மலிவாகக் கடப்பது பற்றிய அந்நூல் நூறு பக்கம்கூட இல்லாதது. எங்கே தங்கலாம், எதில் ஏறலாம், எவ்வளவு ஆகும் என்பவையே அதன் பொருள். லோன்லி பிளானட் என்னும் உலகப் புகழ்பெற்ற பயண நூல் நிறுவனம் பிறந்த கதை இதுதான். வண்டி ஓட்டியதைக் காட்டிலும், ஓட்டிய வழியை எழுதியதுதான் அவர்களின் பெரிய செயல் என்று கூறினால் மிகையாகாது. அவர்களும் ஒரு புல்லை முடிந்து வைத்தவர்களே.

தேநீர்க்கடைத் தம்பதி

அடுத்த தம்பதி நம் அண்டை மாநிலத்தவர். கொச்சியில் கே. ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் சிறியதொரு தேநீர்க்கடை நடத்தி வந்தனர். நாளொன்றுக்கு 300 ரூபாயைப் பயணத்திற்கென்றே ஒதுக்கினர். அது போதாதபோது கடன் வாங்கிச் சென்றனர். திரும்பி வந்து, தேநீர் ஆற்றிக் கடனை அடைத்து, அடைந்தவுடன் அடுத்த பயணத்திற்கு ஆயத்தமாயினர். 2007இல் தொடங்கி 26 நாடுகளைக் கண்டனர். 2019இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திராவின் உதவியால் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சென்று வந்தனர். 2021 அக்டோபரில் ரஷ்யா சென்றதே இருவரும் சேர்ந்து மேற்கொண்ட இறுதிப் பயணம். அடுத்த மாதமே விஜயன் காலமானார்.

300 ரூபாய் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,09,500 ரூபாய். இது வசதி படைத்தவரின் தொகையன்று. ஒழுங்கு தவறாத சேமிப்பின் தொகை. கடைச் சுவரில் தாங்கள் சென்ற நாடுகளின் படங்களை மாட்டி வைத்திருந்தனர். தேநீர் குடிக்க வந்த கூலித் தொழிலாளியும் அப்படங்களைக் கண்டார், "எப்படிப் போனீர்கள்?" என்று அவரும் கேட்க முடிந்தது. அந்தச் சுவரும் ஓர் ஆற்றுப்படையே அன்றோ!

ஒப்பும் வேறுபாடும்

இவ்விரு பயணங்களையும் ஒன்றென்று கொள்ளுதல் பொருந்தாது. வீலர் தம்பதியிடம் பணம் இல்லை. ஆனால் காலம் இருந்தது, இளமை இருந்தது, பிரிட்டிஷ் கடவுச்சீட்டும் இருந்தது. போகும் வழியில் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்னும் துணிவோடு அவர்கள் நாடுவிட்டு நாடு சென்றனர். விஜயன், மோகனா நிலை வேறு. கடையைப் பல மாதம் மூடிவைத்தல் இயலாது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் ஐரோப்பா செல்ல வேண்டுமெனில் வங்கிக் கணக்கு, தங்குமிடப் பதிவு, திரும்பி வருவதற்கான ஏற்பாடு, காப்பீடு எனப் பலவற்றைக் காட்டி விசா பெறவேண்டும். ஆகவே அவர்கள் முதுகுப்பையுடன் அலையாமல் சுற்றுலா நிறுவனங்களின் குழுவோடு சென்றனர். அது அவர்களின் நிலைக்கு ஏற்ற அறிவான வழியேயாகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. மேலைநாட்டாரின் வழிகாட்டி நூல் எல்லையைக் கடந்தபின் தொடங்குகிறது. எந்த விடுதி, எந்தப் பேருந்து என்பதிலிருந்து பேசுகிறது. நமக்கு வேண்டிய நூலோ எல்லைக்கு முன்பே தொடங்கவேண்டும். கடவுச்சீட்டு விண்ணப்பம், விசா, சேமிப்பு, வீட்டாரின் அச்சம் ஆகிய இவையே நம் வழியில் உள்ள வழுக்குப் பாறைகள். பிறர் எழுதிய நூலை அப்படியே நம்பிச் செல்ல இயலாது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வீலர் தம்பதி சென்ற தரைவழி, 1979இல் ஈரானில் நடந்த புரட்சியாலும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததாலும் அடைபட்டது. புல் உலரும், முடிச்சு அவிழும். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக முடிந்தாக வேண்டும்.

நாம் முடிய வேண்டிய புல்

இது பொழுதுபோக்குப் பற்றிய பேச்சு மட்டுமன்று. நம் மாவட்டத்து இளைஞரும் வேலை தேடி வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் செல்ல விரும்புகின்றனர். வழி தெரியாதவனை ஏமாற்றுவது எளிது. நிலத்தை அடகு வைத்து முகவரிடம் பணம் கொடுத்து, சொன்ன வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறு என்று தவிப்போர் கதை தமிழகம் எங்கும் கேட்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெறவேண்டும் என்பதை 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் கட்டாயமாக்கியது. பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்வது குற்றமாகும். இச்சிறு செய்திகள் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்றக் கூடியவை. பன்றிப்பொறி இங்கே உள்ளது என்று கூத்தன் சொன்னதற்கு இவை எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

மாணவ நண்பர்கள் இன்றே செய்யத்தக்கவை சில உள. பெரியவர்களுக்கான 36 பக்கக் கடவுச்சீட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். நாளொன்றுக்கு 20 ரூபாய் சேர்த்தால் 75 நாளில் அத்தொகை கைக்கு வந்துவிடும். கடவுச்சீட்டும் வாங்க இயலாதவருக்கும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது: நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா வேண்டியதில்லை, தரைவழியே செல்வோருக்கு வாக்காளர் அடையாள அட்டையே போதும். மூன்று மொழி கேட்டு வளர்ந்த நமக்கு நான்காவது மொழியைக் கண்டு அஞ்சும் தேவையும் இல்லை. அத்திப்பள்ளியில் கன்னடத்தில் வழி கேட்கத் தெரிந்தவர், காட்மண்டுவில் நாலு சொல் கற்றுக்கொண்டு வழி கேட்க மாட்டாரா?

முடிவுரை

மலைபடுகடாத்தின் கூத்தன் தான் பெற்ற பரிசிலைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வழியை மறைத்துப் பேசியிருக்கலாம். அவ்வாறு செய்யாததால்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மலைவழி ஒன்று இன்றும் நமக்குத் தெரிகிறது. நம் கல்லூரியில் பயின்று அயல்நாடு சென்ற முன்னாள் மாணவர்கள், தாம் எடுத்துக்கொண்ட புகைப்படங்களை அனுப்புவதோடு அமையாமல், எவ்வளவு செலவாயிற்று, யாரிடம் விசாரிக்கலாம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பவேண்டும். ஆண்டுதோறும் இம்மலரில் அதற்கென நான்கு பக்கங்களை ஒதுக்குதல் நலம் என்பது எம் பணிவான வேண்டுகோள். சென்றவர் எழுதட்டும்; செல்லவிருப்பவர் படிக்கட்டும். செங்கத்துக்கு வழி சொன்னவனின் மண்ணிலிருந்து உலகுக்கு வழி சொல்லும் நூல்கள் பல எழுக!