ட்ரையர் சத்தம் போட்டா, முதல்ல காதைக் கொடுங்க



நம்ம ஊர் வீடுகள்ல 'ட்ரையர்'னு சொன்னா அது பெரும்பாலும் தனி மெஷின் இல்ல. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்ல, துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிற சின்னத் தொட்டிதான். அதுல சூடான காத்தெல்லாம் வராது. துணியை வேகமா சுத்தி தண்ணியை வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

அது ஒருநாள் 'தட தட'ன்னு ஆட ஆரம்பிக்கும். அம்மா மூடி மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிப் பிடிச்சுக்குவாங்க. கொஞ்ச நாள் அப்படியே ஓடும். அப்புறம் யாராவது வந்து, "மோட்டார் போச்சு, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க"ன்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. ஆனா பல நேரம் மோட்டார்ல ஒண்ணுமே இருக்காது. சத்தம் எப்போ வருது, எப்படி வருதுன்னு கவனிச்சாலே பாதி பதில் கிடைச்சிடும்.

ஏன் இவ்வளவு ஆட்டம்?

டைனமிக்ஸ் ஆஃப் மெஷின்ஸ்ல படிச்ச பேலன்சிங் ஞாபகம் இருக்கா? இங்கதான் அது வேலை செய்யுது. ட்ரையர் மோட்டார் பொதுவா 4 போல் இண்டக்‌ஷன் மோட்டார். 50 ஹெர்ட்ஸ்ல சிங்க்ரனஸ் ஸ்பீடு 1500. ஸ்லிப் போக சுமாரா 1350 ஆர்பிஎம்னு வச்சுக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் 200 கிராம் ஈரத்துணி கூடுதலா இருக்கு, அது மையத்துலேர்ந்து 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்குன்னு எடுத்துக்குவோம். எம் ஆர் ஒமேகா ஸ்கொயர் போட்டா சுமார் 480 நியூட்டன் வரும். அதாவது கிட்டத்தட்ட 49 கிலோ எடை தொட்டியை ஒரு பக்கமா இழுக்குது, அதுவும் வினாடிக்கு 22 சுத்து சுத்திக்கிட்டே. அம்மா கை எவ்வளவு அமுக்கினாலும் இது அடங்காது.

இன்னொரு விஷயம். மோட்டார் ஸ்பிரிங்கும் ரப்பரும் சேர்ந்த மவுண்ட் மேல உட்கார்ந்திருக்கு. அந்த அமைப்போட இயல்பான அதிர்வெண், ஓடுற வேகத்தை விடக் குறைவு. அதனால வேகம் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை ரெசொனன்ஸைத் தாண்டித்தான் போகணும். ஆரம்பத்துல லேசா ஒரு ஆட்டம், நடுவுல அமைதி, நிக்கும்போது திரும்ப ஒரு ஆட்டம்னா பயப்பட வேண்டாம். அது நார்மல்.

முதல் டெஸ்ட்: காலியா ஓட்டுங்க

துணி எதுவும் இல்லாம மூடியை மூடி ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. சத்தம் இல்லையா? அப்போ மெஷின் நல்லாத்தான் இருக்கு, துணி வைக்கிற விதத்துலதான் பிரச்சனை. ஒரு ஜீன்ஸை மட்டும் தனியா போடாதீங்க. துணியைச் சுத்திலும் சமமா பரப்பி வைங்க. துணி மேல வச்சு அமுக்குற ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு மெஷினோட வந்திருக்கும். பல வீட்ல அது பரண்லதான் கிடக்கும். அதைத் தேடி எடுத்துப் போடுங்க. மெஷினோட நாலு காலும் தரையில சமமா உட்கார்ந்திருக்கான்னும் பாருங்க.

காலியா ஓடும்போதும் சத்தம் வந்தா

இப்போ பின்பக்க மூடியைக் கழட்டிப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிடுங்க. தண்ணியை முழுசா வடிச்சிடுங்க. காய்ஞ்ச தரையில செருப்பு போட்டு நின்னு வேலை பாருங்க. உள்ளே இருக்கிற கெபாசிட்டர்ல, பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் மிச்சம் இருக்கலாம். அதோட முனைகள்ல கை வைக்காதீங்க.

ஒரு டிப்ஸ்: மேல் மூடி திறந்திருந்தா பிரேக் பிடிச்சிருக்கும், தொட்டி சுத்தாது. அதனால மூடியை மூடி வச்சுட்டு, மோட்டாரையும் தொட்டியையும் இணைக்கிற கப்ளிங்கைப் பின்பக்கத்துலேர்ந்து கையால மெதுவா சுத்திப் பாருங்க. அப்போ கேட்கிற சத்தத்தை வச்சு இப்படிப் பிரிக்கலாம்:

1. 'கட கட', 'சர சர': சுத்துற தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவுல ஏதோ விழுந்திருக்கு. காசு, ஊக்கு, பட்டன், கர்சீஃப், குழந்தை சாக்ஸ், எது வேணா இருக்கலாம். டார்ச் அடிச்சுப் பார்த்து, நுனியை வளைச்ச கம்பியால எடுத்துடலாம். செலவே இல்லை.

2. 'கீச்', கூடவே ரப்பர் தீஞ்ச வாசனை: பிரேக் உரசுது. மூடியை மூடும்போது ஒரு ஒயர் இழுபட்டு, பிரேக் கட்டையை விலக்கும். ஒயர் லூஸாகிட்டா கட்டை முழுசா விலகாம பாதி பிடிச்சபடியே இருக்கும். ஒயரை இழுத்து மாட்டினா சரியாகிடும்.

3. 'டக் டக்'னு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தட்டல்: கப்ளிங் போல்ட் லூஸா இருக்கலாம். ஸ்பேனர் வச்சு டைட் பண்ணுங்க.

4. 'டம் டம்'னு தொட்டி சுவர்ல மோதுறது: மோட்டார் மவுண்ட்ல ஒண்ணு உடைஞ்சோ நசுங்கியோ இருக்கும். தொட்டி ஒரு பக்கமா சாய்ஞ்சு நிக்கும். பழசும் புதுசும் கலந்தா திரும்பவும் சாயும், அதனால எல்லா மவுண்டையும் செட்டா மாத்துங்க.

5. வேகம் ஏற ஏற 'கொர்ர்ர்': பேரிங். கையால சுத்தும்போதே மணல் அரைக்கிற மாதிரி தெரியும். மோட்டார் மேல துரு இருந்தா, ஷாஃப்ட் இறங்குற இடத்துல இருக்கிற ரப்பர் சீல் கசியுதுன்னு அர்த்தம். பேரிங்கை மட்டும் மாத்திட்டு சீலை விட்டா, தண்ணி இறங்கி புது பேரிங்கும் போயிடும். ரெண்டையும் சேர்த்து மாத்தணும். இதை மெக்கானிக் கிட்ட விடுறதுதான் நல்லது.

6. 'ம்ம்ம்'னு உறுமல், ஆனா சுத்தல: உடனே ஆஃப் பண்ணுங்க. விட்டா வைண்டிங் சூடாகி எரிஞ்சுடும். கப்ளிங் கையால ஈஸியா சுத்துச்சுன்னா கெபாசிட்டர் மேல சந்தேகப்படலாம். சுத்தலைன்னா துணி சிக்கியிருக்கு, இல்ல பிரேக் விடல.

சத்தமே போடாத பிரச்சனை

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சத்தம் போட்டு நம்மளைக் கூப்பிடும். ஆனா பிரேக் கட்டை தேய்ஞ்சாலோ அதோட ஸ்பிரிங் உடைஞ்சாலோ எந்தச் சத்தமும் வராது. மூடியைத் திறந்தா கரண்ட் கட் ஆகும், தொட்டி மட்டும் பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். அவசரத்துல கையை விட்டா, சுத்துற துணி விரலைச் சுருட்டி இழுத்துடும். இதே காரணத்துக்காகத்தான் மூடிக்குக் கீழ இருக்கிற சேஃப்டி சுவிட்சை ஒயர் போட்டு டைரக்ட் பண்ணவே கூடாது. மெஷின் ஓடினா போதும்னு யாராவது அப்படிச் செஞ்சு வச்சிருந்தா, முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் "சத்தம் வருதுண்ணா"ன்னு மொட்டையா சொல்லாதீங்க. "காலியா ஓட்டினாலும் கொர்ர்னு வருது, மோட்டார் மேல துரு இருக்கு"ன்னு சொல்லுங்க. அவருக்கும் வேலை சுலபம், தேவையில்லாம மோட்டார் மாத்துற பேச்சும் வராது.

அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது, மெஷின் சத்தமே போடலைன்னாலும் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ட்ரையர் ஓடும்போது மூடியைத் திறந்து, கையை உள்ளே விடாம பாருங்க. சில வினாடிகள்ல தொட்டி நிக்கணும். நிக்கலைன்னா பிரேக்கைச் சரி பண்ற வரைக்கும் அதுல யாரும் துணி போட வேண்டாம்.